பந்தய வீரர் பிறந்த ஊர்

மண்ணின் குணமறியாமல் மணியின் மதிப்பை உணர முடியாது என்பது இரத்தினபுரியில் வாழும் நமக்குப் புதிய செய்தியன்று. களுகங்கைக் கரையிலுள்ள வயல்களில் குழி வெட்டி, சேற்றையும் களிமண்ணையும் கடந்து, ‘இல்லம்’ எனப்படும் பரல் படையை எட்டி, அதனைக் கூடையிலிட்டு நீரில் அரித்துப் பார்ப்பவர்க்கே நீலமும் புஷ்பராகமும் கண்ணிற் படுகின்றன. மாதக்கணக்கில் வெட்டியும் வெறுங்கையுடன் மூடப்பட்ட குழிகள் எத்தனையோ! மனிதர் விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். ஓர் ஊரில் வல்லவர் ஒருவர் தோன்றினாரென்றால், அவருக்குக் கீழே கிடக்கும் மண்ணின் அடுக்குகளையும் அறிந்தாலன்றி அவரை முழுவதும் அறிந்தவராக மாட்டோம்.

அத்தகைய ஓர் ஊர் கோயம்புத்தூர். அவ்வூர் தந்த வல்லவர்களுள் ஒருவர் நரேன் கார்த்திகேயன். போர்முலா வன் என்னும் உலகின் முதன்மையான மோட்டார்ப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவரே. 2010ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது.

சென்ற தவணையில் எங்கள் கல்லூரி மாணவரிடையே இவரைப் பற்றி ஒரு வாக்குவாதம் எழுந்தது. தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், நாற்பத்தாறு பந்தயம் ஓடி ஐந்தே ஐந்து புள்ளி எடுத்திருக்கிறார். கடைசி வரிசையில் ஓடினவரையும் வீரர் என்று சொல்லலாமா?” என்று கேட்டான். கணக்கு என்னவோ சரியான கணக்குத்தான். ஆயினும் கணக்குக்குப் பின்னால் இருப்பது யாது என்று ஆராய்வதும் கல்வியின் ஒரு பகுதியன்றோ? விடுமுறையில் நீலகிரிக்குச் செல்ல வேண்டிய அலுவலும் எனக்கிருந்தது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தோட்டங்களை விட்டு அக்கரை சென்ற எங்கள் உறவினர் சிலர் அங்கே குடியிருக்கின்றனர். நீலகிரிக்கு வாயில் கோயம்புத்தூர். ஆகவே, உறவினரைக் காணும் வழியில் அந்தப் பந்தய வீரரின் ஊரையும் கண்டு வரலாம் என்று புறப்பட்டேன்.

போர் தந்த ஓடுபாதைகள்

நமது நாட்டில் மோட்டார்ப் பந்தயம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டமே. 1934ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பந்தயம், தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்தேறும் தோட்டப் பாதையில் நடைபெறுவது. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் அதனைக் காண மலைநாட்டு மக்கள் திரளாகக் கூடுவர். அங்கே ஒவ்வொரு காரும் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்துடன் போட்டியிடும். பல கார்கள் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றையொன்று முந்த முயலும் சுற்றுப் பந்தயம் வேறு வகையானது. அதற்கு அகன்று நீண்ட தளம் வேண்டும். களுகங்கை கடலோடு கலக்கும் களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்றிருந்தது. போர் முடிந்த பிறகு அதுவே பந்தயத் தளமாயிற்று.

சென்னையிலும் இதே கதைதான். நகருக்கு வடக்கே சோழவரத்தில் போர்க் காலத்தில் அமைந்த விமான ஓடுபாதையில்தான் 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1953ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தி வந்தது. பின்னர் அந்தக் கழகத்தார் பந்தயத்திற்கென்றே ஒரு தளத்தைச் சமைத்தனர். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அதன் முழுச் சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர்.

இரவு வண்டிக்கு முன் பகற்பொழுது கையிலிருந்தமையால் அத்தளத்தின் பக்கம் சென்று பார்த்தேன். வெயிலில் காயும் தட்டையான நிலம், சுற்றிலும் தொழிற்சாலைகள், நடுவே கருநிற நாடாவைப் போல் வளைந்து கிடக்கும் பாதை. கண்ணைக் கவரும் காட்சி என்று சொல்வதற்கில்லை. ஆனால் பதினைந்து வயதைத் தாண்டிய கோவைச் சிறுவன் ஒருவன் தன் முதற் பந்தயத்தை ஓடியதும், அதிலேயே வெற்றி மேடை ஏறியதும் இந்தப் பாதையிற்றான். அன்று அவன் அமர்ந்திருந்த வாகனத்தின் பெயர் ‘போர்முலா மாருதி’. அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கோவையின் கதை முழுவதும் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

பஞ்சும் இரும்பும்

சென்னையிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். இரவில் ஏறி உறங்கி எழுந்தால் பொழுது விடியும் வேளையில் வண்டி கொங்கு நாட்டினுள் நுழைந்திருக்கும். மேற்கே மலைத்தொடர் நீல நிறமாகத் தோன்றும். அம்மலைத்தொடரில் பாலக்காட்டருகே ஒரு பெரிய இடைவெளி உண்டு. அதன் வழியாக வரும் காற்று கோவையைத் தமிழ்நாட்டின் பிற சமவெளிகளைக் காட்டிலும் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. நமது மழைக்குப் பழகியவனுக்கு அந்த இளங்காற்று முதலில் சற்று வறண்டதாகவே பட்டது.

அவ்வூரின் முதல் அடுக்கு, பருத்தி விளையும் கரிசல் மண். 1888ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கே நூற்பாலை ஒன்றை நிறுவினார். 1930களின் தொடக்கத்தில் நீலகிரி மலையின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கி வந்தது. அதன் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. ஆலை பெருகினால் ஆலை இயந்திரங்கள் பழுதாவதும் பெருகும். ஒவ்வொரு உதிரிப்பாகத்தையும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கக் காத்திருந்தால் ஆலை மூடிக் கிடக்க வேண்டியதுதான். ஆகவே உள்ளூரிலேயே கடைசல் பட்டறைகள் தோன்றின. வார்ப்படச் சாலைகள் தோன்றின. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்புகளும் அவற்றை இயக்கும் மோட்டார்களும் அங்கேயே உருவாயின. நம் வீடுகளில் இட்லிக்கு மாவரைக்கும் கிரைண்டருக்குங்கூடக் கோவைதான் பேர்போன ஊர்.

இந்த ஊரின் மனப்பாங்கை ஒரே மனிதரில் காண விரும்பினால் ஜி. டி. நாயுடுவைக் காணலாம். 1893ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது பின்னர் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், இயந்திரம் ஒன்றைக் கண்டால் அதனைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார் என்பர். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை அவினாசி சாலையில் நடத்தும் கார் அருங்காட்சியகத்தைக் குழந்தைகளுடன் கோவை செல்வோர் தவறாமல் பார்க்க வேண்டும்.

மாருதியின் இதயம்

இந்த மண்ணின் அடுத்த அடுக்கு எஸ். கரிவரதன் என்னும் இளைஞர். இலட்சுமி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த இவருக்குப் பந்தயத்தில் பெரும் ஈடுபாடு. தாம் மட்டும் வெளிநாட்டுக் கார் ஒன்றை வரவழைத்து ஓட்டி மகிழ்ந்திருக்க அவருக்கு வசதியிருந்தது. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. குடும்பங்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் சென்றுவரப் பயன்படும் மாருதி 800 காரின் சிறிய மூன்று உருளை எஞ்சினை எடுத்தார். இலேசான குழாய்ச் சட்டம் ஒன்றை உள்ளூரிலேயே செய்து அதில் அந்த எஞ்சினைப் பொருத்தினார். ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, சில்லுகள் மூடப்படாத பந்தயக் கார் பிறந்தது. அதுவே போர்முலா மாருதி. எஞ்சினின் கொள்ளளவு 800 கன சென்ரிமீற்றருக்கும் குறைவு.

இதன் பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாரிடமும் ஒரே வகைக் கார் இருந்தால், யாருடைய பணப்பை கனமானது என்பதைவிட யாருடைய கை தேர்ந்தது என்பதே முந்தி வரும். எஞ்சின் பழுதானால் அதன் உதிரிப்பாகம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். ஐரோப்பாவுக்குச் செல்ல முடியாத இளைஞர்களுக்கும் ஓர் ஏணியின் முதற் படி சொந்த ஊரில் கிடைத்தது. 1995ஆம் ஆண்டில் சிறு விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகிக் கரிவரதன் இளம் வயதிலேயே மறைந்தார். ஆயினும் அவர் அமைத்த ஏணியில் ஏறியவர்கள் பலர்.

நகருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் அவர் பெயராலேயே ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்னும் பந்தயத் தளம் 2003ஆம் ஆண்டில் அமைந்தது. முன்னாட் பந்தய வீரரான பி. விஜயகுமாரின் முயற்சி அது. ஒரு சுற்று 2.1 கிலோமீற்றர். நான் சென்ற பொழுது பந்தயம் எதுவும் நடைபெறவில்லை. தென்னந்தோப்புகளும் புன்செய் நிலங்களும் சூழ்ந்த அந்தக் கிராமப்புறத்தில், சாலையில் செல்லும் ஒருவர் இப்படியொரு தளம் இருப்பதை அறியாமலே கடந்து போகக்கூடும். கிளிநொச்சியிலோ கஹவத்தையிலோ நாம் காணும் சிற்றூர்ச் சாலையைப் போன்றதே அவ்வழியும். அங்கிருந்து உலகப் பந்தயத்திற்கு ஒரு வழி உண்டு என்பதே வியப்பு.

முதற் பருவம்

நரேன் 1977ஆம் ஆண்டு தைத் திங்களில் பிறந்தவர். தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய நெடுஞ்சாலைப் பந்தயங்களில் பெயர் பெற்றவர். எனவே வீட்டிலேயே எண்ணெய் மணமும் எஞ்சின் ஒலியும் இருந்தன. போர்முலா மாருதியில் தொடங்கிய சிறுவன் 1992ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் பந்தயப் பள்ளியில் பயின்றான். 1994ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போர்முலா போர்ட் குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் இந்தியனானான். 1996ஆம் ஆண்டில் போர்முலா ஆசியா பட்டமும் கிடைத்தது. ஆயினும் உச்சிப் படியை எட்ட மேலும் ஒன்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. திறமை மட்டும் அங்கே போதாது. ஆதரிக்கும் பெரு நிறுவனங்களும் வேண்டும். டாட்டா நிறுவனத்தார் அவருக்குத் துணை நின்றனர்.

2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜோர்டான் அணியின் சார்பில் அவர் முதன்முதலாகப் போர்முலா வன் பந்தயம் ஓடிப் பதினைந்தாம் இடம் பெற்றார். அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. மிச்சலின் டயர்கள் அந்தத் தளத்தைத் தாங்கமாட்டா என்று தெரிந்தமையால், அவற்றைப் பூட்டியிருந்த பதினான்கு கார்களும் பந்தயம் தொடங்கு முன்னரே விலகிவிட்டன. எஞ்சிய ஆறு கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அவர் வாழ்நாளில் பெற்ற போர்முலா வன் புள்ளிகள் அவ்வளவே. அந்த ஆண்டு முடிந்ததும் இருக்கை போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகள் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். பின்னர் வேறு வேறு தொடர்களில் ஓடினார். போர்முலா வன் அவரை மறந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர்.

முப்பத்து நான்காம் வயதில்

2011ஆம் ஆண்டில் அவருக்கு மீண்டும் அழைப்பு வந்தது. அழைத்தது ஹிஸ்பானியா என்னும் ஸ்பானிய அணி. முந்திய ஆண்டில்தான் களமிறங்கிய அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் பத்துப் பந்தயங்கள் ஓடியிருந்தார். பெருஞ்செல்வ அணிகளோடு ஒப்பிட்டால் அது வறிய அணி. பருவத் தொடக்கத்திற்கு முன்னர் எல்லா அணிகளும் புதிய காரை ஓட்டிப் பார்த்துக் குறை களைவது வழக்கம். இவர்களின் புதிய காரோ அந்த முன்னோட்ட நாட்களில் ஓடவே இல்லை.

அவ்வாண்டில் ஒரு விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தகுதிகாண் ஓட்டத்தின் முதற் பகுதியில் மிக விரைந்தவர் ஒரு சுற்றுக்கு நூறு விநாடி எடுத்தாரென்றால், மற்றவர்கள் நூற்றேழு விநாடிக்குள் ஓடியாக வேண்டும். ஓடாதவர்க்குப் பந்தயத்தில் இடமில்லை. மெல்போர்னில் ஹிஸ்பானியாவின் இரண்டு கார்களும் அந்த வரம்பை எட்டவில்லை. ஆறாண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர், பந்தய நாளன்று பார்வையாளராக நிற்க நேர்ந்தது.

இத்துடன் மனமுடைந்து போயிருந்தால் எவரும் குறை கூறியிரார். அடுத்த பந்தயம் மலேசியாவில். அங்கே வரம்பை எட்டினார். அதன் பின் வந்த பந்தயங்களில் ஒவ்வொன்றாக முடித்துக் காட்டினார். ஜூன் மாதம் வலென்சியாவில் நடைபெற்ற பந்தயத்தில் இருபத்து நான்கு கார்கள் புறப்பட்டன. இருபத்து நான்கும் முடித்தன. நரேன் இருபத்து நான்காவது. அதற்கு முன் போர்முலா வன் வரலாற்றில் எவரும் அந்த எண்ணைப் பெற்றதில்லை! மாணவன் இதனைக் கேட்டால் நகைப்பான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகம் குறைந்த காரை வெயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பழுதின்றி ஓட்டி எல்லைக்கோட்டைக் கடத்தியிருக்கிறார். புதிய அணியொன்று கற்றுக்கொள்ள வேண்டுமானால், அதன் கார் முதலில் பந்தயத்தை முடித்தாக வேண்டும்.

அடுத்த மாதமே அந்த இருக்கையும் கைமாறிற்று. பெரிய அணியொன்றின் ஆதரவு பெற்ற ஆஸ்திரேலிய இளைஞர் டானியல் ரிக்கார்டோ அதில் அமர்ந்தார். வயது இருபத்திரண்டு. முப்பத்து நான்கு வயதானவர் ஒதுங்கி நின்றார்.

ஆயினும் அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் தேதி இந்திய மண்ணில் முதன்முதலாகப் போர்முலா வன் பந்தயம் நடைபெற்றது. தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் அமைந்த புத்தர் பெயர் தாங்கிய தளத்தில் அந்தப் பந்தயத்திற்கு மட்டும் நரேனுக்குக் கார் கிடைத்தது. ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். நரேன் பதினேழாவது. அவருக்கு அடுத்த இடத்தில், பதினெட்டாவதாக, அதே அணியின் அதே வகைக் காரில் வந்தவர் யார் தெரியுமா? ரிக்கார்டோ! செய்தித்தாள்களின் தலைப்பில் இந்தச் சிறு செய்திக்கு இடமில்லை. எனினும், ஒரு மனிதரின் தரத்தை அளக்க விரும்புவோருக்கு அந்த நாளின் முடிவுகளில் இதைவிடப் பயனுள்ள வரி வேறில்லை.

பின்வரிசையின் கலை

முன்னால் ஓடுபவருக்கு ஒரே கவலை. பின்னால் ஓடுபவருக்கு இரண்டு. தம் போட்டியாளரை முந்தவும் வேண்டும். அதே வேளையில், தம்மை ஒரு சுற்றுக் கடந்து வரும் முன்னணிக் கார்களுக்கு நீலக் கொடி காட்டப்பட்டதும் வழிவிடவும் வேண்டும். வழிவிட ஓரத்துக்கு ஒதுங்கினால் அங்கே படிந்திருக்கும் தூசியும் தேய்ந்த டயர்த் துணுக்குகளும் சில்லில் ஒட்டிக்கொள்ளும், பிடிப்புக் குறையும். வழிவிடாமல் நின்றால் தண்டனை. கண்ணாடியிலும் பார்வை, வளைவிலும் பார்வை. கழுத்தோ ஒவ்வொரு வளைவிலும் தலையின் எடையைப் பன்மடங்காகத் தாங்குகிறது.

2012ஆம் ஆண்டில் நரேன் அதே அணியில் முழுப் பருவமும் ஒப்பந்தமானார். உடன் ஓடியவர் நாற்பதைக் கடந்த ஸ்பானியர் பெத்ரோ டி லா ரோசா. முதற் பந்தயத்தில் மீண்டும் தகுதி கிட்டவில்லை. இரண்டாவது பந்தயம் மலேசியாவில். அங்கே வெட்டலின் கார் கடந்து செல்லும்போது இரண்டும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்து நான்காமிடம் பறிபோயிற்று. அவர் கடுஞ்சொற்களால் ஏசினார். நடுவர்கள் நரேனுக்கு இருபது விநாடி தண்டனையளித்தனர். உலகமெங்கும் நகைப்பும் ஏச்சும் கிளம்பின. இரண்டு மாதங்கள் கழித்து மொனாக்கோவின் குறுகிய வீதிகளில், சுவரை உரசினால் ஆட்டம் முடிந்தது என்ற நிலையில், அதே மனிதர் அதே வறிய காரைப் பதினைந்தாம் இடத்திற்குக் கொண்டு வந்தார். அவ்வாண்டில் அவரது மிகச் சிறந்த இடம் அதுதான்.

இந்த வகைக் கார்களில் சில்லுகள் திறந்திருப்பதன் அபாயத்தையும் அதே ஆண்டில் உலகம் கண்டது. அபுதாபியில் பழுதுற்று வேகம் குறைந்த நரேனின் காரின் மீது, பின்னால் வந்த நிக்கோ ரொஸ்பேர்க்கின் கார் மோதிப் பறந்து சென்றது. சில்லோடு சில்லு மோதினால் கார் மேலெழும்பும் என்பது பொறியியல் விதி. நற்பேறாக இருவரும் காயமின்றித் தப்பினர். அந்தப் பருவத்தோடு அணியும் கலைந்தது. 2013ஆம் ஆண்டில் அது களத்தில் இல்லை. அந்த ஆண்டில் நரேன் ஐரோப்பாவின் ஒட்டோ ஜிபி தொடருக்குச் சென்றார். அங்கே எல்லாரிடமும் ஒரே வகைக் கார். நரேன் பல பந்தயங்களை வென்றார். மாருதி எஞ்சினை வைத்துக் கரிவரதன் நிறுவிய உண்மையே அங்கும் நிலைத்தது.

யப்பானில் ஐந்தாண்டு

முப்பத்தேழாம் வயதில், 2014ஆம் ஆண்டில், யப்பானின் சூப்பர் போர்முலா தொடருக்கு அவர் சென்றார். அந்நாட்டின் புகழ் பெற்ற பழைய வீரர் கஸுயோஷி ஹொஷினோவின் இம்புல் அணியில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு டாண்டிலயன் அணி. அதற்கடுத்து லெமான்ஸ் அணி. 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் சத்தோரு நகஜிமாவின் அணி. ஐந்து பருவங்களில் நான்கு அணிகள்!

அணி மாறுவதென்பது சட்டை மாற்றுவதைப் போன்றதன்று. இருக்கையே புதிதாக வார்க்கப்பட வேண்டும். ஓட்டுநர் காரினுள் அமர, அவர் உடலைச் சுற்றி நுரைக் கலவையை ஊற்றி, அது இறுகியதும் அந்த வடிவில் இருக்கை செய்வர். பின்னர் எஞ்சினியரின் பேச்சுப் பழக வேண்டும். “பின்பக்கம் நழுவுகிறது” என்று ஓட்டுநர் சொல்வதை எஞ்சினியர் எந்த அளவில் புரிந்து, எந்தத் திருகைத் திருப்புகிறார் என்பது மாதங்கள் பழகியே தெளிவாகும். நடுவில் மொழியும் வேறு. இருபது வயதில் இதனைச் செய்வது ஆவல். நாற்பதை நெருங்கும்போது ஆண்டுதோறும் செய்வது பெரும் பொறுமை. 2019ஆம் ஆண்டில் அவர் கூரை மூடிய கார்களின் தொடருக்கு மாறினார். அவ்வாண்டு நவம்பரில் பூஜி மலையடிவாரத்தில், யப்பானிய ஜெர்மானியத் தொடர்களின் கார்கள் ஒன்றாக ஓடிய பந்தயத்தில் முதலிடம் பெற்றார். வயது நாற்பத்திரண்டு.

எண்ணிப் பார்க்க வேண்டியது

கோவையிலிருந்து கோத்தகிரிக்கு மலையேறும் பஸ்ஸில் அமர்ந்திருந்தபோது இவற்றையெல்லாம் எண்ணிக் கொண்டேன். என் உறவினர் அக்கரை சென்றபோது அவர்களுட் பலருக்கு வயது நாற்பதுக்கு மேல். தெரிந்த தோட்டம், தெரிந்த துரை, தெரிந்த பேச்சு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிய மண்ணில் கொழுந்துக் கூடையை மறுபடியும் தோளில் மாட்டினர். அவர்களுக்கு அங்கே எவரும் புள்ளி போடவில்லை. ஆயினும் அவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று கோவையின் பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள்.

மோட்டார்ப் பந்தயம் செல்வர் விளையாட்டு என்பதை மறுக்க முடியாது. நம் தோட்டப் பிள்ளைகள் எல்லாரும் பந்தயக் கார் ஓட்டக் கனவு காண வேண்டுமென்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரின் குழாய்ச் சட்டத்தைப் பற்றவைத்தவர், எஞ்சினைக் கழற்றிக் கூட்டியவர், கடைசல் இயந்திரத்தில் மயிரிழை பிசகாமல் ஓர் அச்சைக் கடைந்தவர் எல்லாரும் பட்டறைத் தொழிலாளரே. ஓட்டுநர் ஒருவர் புகழ் பெற வேண்டுமென்றால் அவருக்குப் பின்னால் தேர்ந்த கைகள் பல வேண்டும். கோவையில் அந்தக் கைகள் முன்னரே இருந்தன. அதனால்தான் ஓட்டுநரும் வந்தார். நம் சப்பிரகமுவையிலே இறப்பர் ஆலையும் தேயிலை ஆலையும் இருக்கின்றன. பழுது பார்க்கும் பட்டறைகளும் இருக்கின்றன. அவற்றைப் படிப்பிற்குக் குறைந்த தொழிலென்று கருதும் மனப்பான்மைதான் நம்மிடம் மாற வேண்டும்.

அந்த ஏணியில் இன்றும் இளைஞர்கள் ஏறுகின்றனர். 2024ஆம் ஆண்டில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய வீதிகளிலேயே, மின்விளக்கொளியில், திறந்த சில்லுக் கார்களின் இரவுப் பந்தயம் நடைபெற்றது. அதில் ஓடியவர்கள் எவருக்கும் “இந்தியரால் அங்கே போக முடியுமா?” என்ற ஐயம் இருந்திராது. அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தவர் கடைசி வரிசையில் ஓடியவரே.

மாணவனின் கேள்விக்கு என் விடை இதுதான். ஒருவர் எத்தனையாவதாக வந்தார் என்று எண்ணுவதுடன், எங்கிருந்து புறப்பட்டார், எந்தக் காரில் ஓடினார், இருக்கை பறிபோன பின் எத்தனை முறை திரும்பி வந்து அமர்ந்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அப்படிக் கூட்டினால் நாற்பத்தாறு பந்தயங்களின் தொகை ஐந்து புள்ளிகளோடு நின்றுவிடாது.